ஜிம் மொரிசனின் வாழ்க்கைப் படம்: கேள்வி பதில்

‘த டோர்ஸ்’ என்ற அமெரிக்க ரொக் இசைக்குழுவின் பாடகர் ஜிம் மொரிசனைப் பற்றி, ஒலிவர் ஸ்டோன் 1991இல் அதே பெயரில் இயக்கிய படத்தைப் பார்த்த மலையக அன்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

ஹட்டன்: படத்தில் பாடுவது யார்?

மேடைக் காட்சிகளில் பெரும்பாலும் மொரிசனாக நடித்த வால் கில்மரே பாடியிருக்கிறார்.

தலவாக்கலை: படத்தில் வருவதுபோல், தொலைக்காட்சி நிகழ்ச்சியில் மொரிசன் கமெராவைப் பார்த்துக் கத்தியது உண்மையா?

பாதி உண்மை. 1967 செப்டெம்பர் 17ஆம் திகதி எட் சலிவன் நிகழ்ச்சியில், போதையைக் குறிப்பதாகக் கருதப்பட்ட ஒரு சொல்லை மாற்றிப் பாடும்படி கேட்டிருந்தார்கள். அவர் மாற்றவில்லை, குழுவும் மறுபடி அழைக்கப்படவில்லை. ஆனால் பதிவைப் பார்த்தால், வழக்கம்போல் பாடிவிட்டுப் போகிறார். அந்த அலட்சியம்தான் எனக்குக் கூடுதலாகப் பிடிக்கிறது.

பண்டாரவளை: குழுவினர் படத்தை ஏற்றுக்கொண்டார்களா?

ஒரே குரலில் அல்ல. டிரம்ஸ் வாசித்த ஜோன் டென்ஸ்மோர் படத்தில் சிறு வேடத்தில் தோன்றுகிறார். கீபோர்ட் வாசித்த ரே மன்சரெக்கோ, தம் நண்பரை வெறும் குடிகாரராகக் காட்டிவிட்டார்கள் என்று கடைசிவரை கண்டித்தார். நான் மன்சரெக் பக்கம். கவிதை வாசித்து ஒலிப்பதிவு செய்யும் காட்சியுடன் தொடங்கும் படம், 1969இல் சொந்தச் செலவில் கவிதைகளை அச்சிட்ட அந்த மனிதரைப் பிறகு போத்தலுக்குப் பின்னால் மறைத்துவிடுகிறது. எழுதுபவரைவிடத் தடுமாறுபவரைப் படமெடுப்பது எளிது போலும்.

பொகவந்தலாவ: என் மகன் கிட்டார் பழகுகிறான். குடித்தால்தான் இசை வரும் என்று கூட்டாளிகள் சொல்கிறார்களாம். என்ன சொல்வது, ஐயா?

அம்மா, திகதிகளைக் காட்டுங்கள். குழுவின் முதல் இரண்டு அல்பங்களும் 1967 என்ற ஒரே ஆண்டில் வந்தவை. 1969 மார்ச் 1ஆம் திகதி மியாமி மேடைக்கு மொரிசன் தாமதமாக, நிறைபோதையில் வந்தார். அன்று நடந்துகொண்ட விதத்துக்காக வழக்குத் தொடரப்பட்டது, பல நகரங்களில் நிகழ்ச்சிகள் இரத்தாயின, ஆறு மாதச் சிறைத்தண்டனையும் விதிக்கப்பட்டது. மேன்முறையீடு முடியுமுன்னரே, 1971 ஜூலை 3ஆம் திகதி, பாரிஸில் 27 வயதில் இறந்தார். புளோரிடா மாநிலம் மன்னிப்பு வழங்கியது 2010இல். கசிப்பால் குலைந்த குடும்பங்கள் நம் லயங்களில் எத்தனையோ உண்டு. அங்கே எவரும் அதைக் கலை என்று சொல்வதில்லை.

நுவரெலியா: பாடசாலைப் பிள்ளைகளுக்குத் திரையிடலாமா?

முழுப் படத்தையும் வேண்டாம், ஆசிரியரே. நிர்வாணமும் போதைப்பொருளும் நிறைய வருகின்றன. சலிவன் காட்சியை மட்டும் போட்டு, அடுத்ததாக 1967ஆம் ஆண்டின் அசல் பதிவைக் காட்டி, இயக்குநர் எதை மாற்றினார் என்று பிள்ளைகளையே கேளுங்கள்.