படித்ததை ஊருக்கு விளங்கச் சொல்வது: அப்புத்தளைத் தகப்பன் ஒருவருக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

மகள் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம், புள்ளிகளில் குறையில்லை, ஆனால் நாலு பேருக்கு முன்னால் நின்றால் குரல் உள்ளே போய்விடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மண்சரிவு பற்றித் தான் செய்த ஆய்வை அடுத்த மாதம் தோட்டத்துச் சனங்களுக்கு விளக்கும்படி அவரிடம் கேட்டிருக்கிறார்களாம். அவர் படும் பயத்தைப் பார்த்துவிட்டு, இந்தத் துறையே பிள்ளைக்குச் சரிவருமா, ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்பில் சேர்த்தால் தைரியம் வருமா என்று கேட்கிறீர்கள்.

துறையை மாற்ற வேண்டாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், மாவட்டங்களில் இயங்கும் அனர்த்த முகாமைத்துவப் பிரிவுகள், வீதி வேலைகள், வீடமைப்புத் திட்டங்கள், இவற்றுக்கு ஆலோசனை சொல்லும் தனியார் கம்பனிகள் என்று மண்ணையும் சரிவையும் படித்தவர்களுக்கு மலைநாட்டில் வாசல்கள் இருக்கின்றன. அரச வெற்றிடம் எப்போது அறிவிக்கப்படும் என்பதுதான் யார் கையிலும் இல்லை. ஒன்றைக் கவனியுங்கள்: இந்த வேலைகளில் நாளில் பாதி பேச்சிலேயே போகும். காலையில் கிராம உத்தியோகத்தருக்கு, பகலில் தோட்டத் துரைக்கு, பின்னேரம் லயத்துச் சனங்களுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் இருப்பவர்களுக்கு என்று ஒரே விஷயத்தை மூன்று விதமாகச் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே மகளின் பயத்தைக் கண்டுகொள்ளாமல் விடவும் முடியாது. என் அனுபவத்தில் இந்தப் பயத்தில் பெரும்பங்கு குரலிலிருந்து வருவதில்லை. எதைச் சொல்வது, எதை விடுவது என்று தெரியாமல் மேடையேறுவதால் வருகிறது. அதைச் சரிசெய்யலாம்.

இனி வருவதை மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

மகள், நீங்கள் தயாரித்து வைத்திருக்கும் ஸ்லைட்டுகளின் ஒழுங்கை நான் பார்க்காமலே சொல்லலாம். அறிமுகம், பிரதேசத்தின் புவியியல், ஆய்வு முறை, முடிவுகள், கடைசியில் பரிந்துரைகள். பரீட்சகருக்கு அது சரியான ஒழுங்கு. நீங்கள் எப்படி அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று பார்த்துப் புள்ளி போடுவது அவருடைய வேலை. கொழுந்து பறித்துவிட்டு, பிள்ளைகளுக்குச் சாப்பாடு செய்ய வேண்டிய நேரத்தில் உங்களைக் கேட்க வந்து உட்காரும் அம்மாவுக்கு அந்த வேலை இல்லை. மழை பெய்யும் இரவில் வீட்டை விட்டு எப்போது இறங்குவது, எங்கே போவது, இந்த இரண்டும்தான் அவருக்குத் தெரிய வேண்டும். ஆகவே முதல் ஸ்லைட்டைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதுங்கள்: என் பேச்சைக் கேட்டவர் நாளைக்கு என்ன செய்ய வேண்டும்? அந்த ஒரு வரியை எழுத முடியாவிட்டால் பேச்சு இன்னும் தயாராகவில்லை. எழுதிவிட்டால், அந்த வரிக்கு உதவாத எதையும் தயங்காமல் எடுத்துவிடலாம். பாதுகாப்புக் காரணி, அதாவது மண்ணைப் பிடித்துவைக்கும் பலத்துக்கும் கீழே இழுக்கும் பலத்துக்கும் உள்ள விகிதம், 1க்குக் கீழே இறங்கும் வரைபடத்தை வரைய எவ்வளவு பாடுபட்டிருந்தாலும் சரி, இந்தச் சபையில் அது வேண்டாம். பொறியியலாளர்கள் இருக்கும் சபைக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

மண்சரிவு எச்சரிக்கைக்கான மழை அளவுகளை எடுத்துக்கொள்வோம். 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள், 100ஐத் தாண்டினால் செம்மஞ்சள், 150ஐத் தாண்டினாலோ ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினாலோ சிவப்பு, அதாவது வெளியேற வேண்டும். உங்களுக்கு இது தெளிவு. சபையில் இருப்பவருக்கு 75 மில்லிமீற்றர் என்பது ஒரு விரல் நீளம். அவ்வளவு தண்ணீரா மலையைச் சரிக்கும் என்று மனதுக்குள் நினைத்துவிட்டு, மரியாதைக்காகத் தலையாட்டுவார்.

ஆகவே அந்த அளவை அவர் காலடிக்குக் கொண்டுவாருங்கள். ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றரில் ஒரு லீற்றர் தண்ணீர். வீடமைப்புத் திட்டத்தில் கொடுத்துவந்த 7 பேர்ச்சஸ் காணி ஏறக்குறைய 177 சதுர மீற்றர். அந்தக் காணியில் மட்டும் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 17,700 லீற்றர் விழுகிறது. ஆயிரம் லீற்றர் தாங்கி கிட்டத்தட்ட பதினெட்டு. வீட்டுக்கு மேலே இருக்கும் மலை எத்தனை பேர்ச்சஸ் என்று கேட்டுவிட்டுச் சற்று நிறுத்துங்கள். அவர்களே கணக்குப் போடுவார்கள். அப்புறம் இரண்டு வாக்கியம் போதும்: அந்தத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி மண்ணின் பாரத்தைக் கூட்டுகிறது, மண்துகள்களுக்கு இடையிலும் நிரம்பி அவற்றைத் தள்ளிப்பிடிப்பதால், துகளுக்குத் துகள் இருந்த பிடி குறைகிறது.

இதற்கு ஸ்லைட்டும் தேவையில்லை. நேரான சுவருள்ள, கண்ணாடி மாதிரியான ஒரு பிளாஸ்டிக் போத்தலை மேல்பாகம் வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்பக்கம் வளைந்திருந்தால் மட்டமாகும் வரை சீமெந்து ஊற்றுங்கள். அந்த மட்டத்திலிருந்து அடிமட்டத்தால் அளந்து 75, 100, 150இல் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு டேப் ஒட்டுங்கள். சபைக்கு முன்னால் தண்ணீரை மெதுவாக ஊற்றிக் காட்டுங்கள். பின்வரிசையில் கதைத்துக்கொண்டிருப்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். கூட்டம் முடிந்ததும் அந்தப் போத்தலை லயத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள், யார் வீட்டு வாசலில் வைப்பது, காலையில் யார் பார்த்துவிட்டுத் தண்ணீரைக் கொட்டுவது என்பதையும் அங்கேயே பேசி முடித்துவிட்டு. திறந்த வெளியில், மரத்துக்கும் கூரைக்கும் தள்ளி வைக்க வேண்டும் என்பதைச் சொல்ல மறக்காதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. சனங்களுக்கு விளங்காததால்தான் இருந்துவிட்டார்கள் என்று படித்தவர்கள் சிலர் இன்றும் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. போவதற்குக் காணியும் வீடும் இல்லாதவரிடம் ஆபத்தை மட்டும் இன்னும் தெளிவாக விளக்கினால் பயம்தான் மிஞ்சும். அதனால் உங்கள் பேச்சில் எந்தப் பாடசாலைக்கு, எந்தப் பாதையால், யார் கதவைத் திறப்பார் என்பது கட்டாயம் இருக்க வேண்டும். அதைக் கிராம உத்தியோகத்தரிடமும் தோட்ட நிர்வாகத்திடமும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். உங்கள் ஆய்வில் இது இல்லைதான். உங்கள் பேச்சில் மிகவும் தேவையான பகுதி இதுதான்.

ஸ்லைட்டுக்கு வருவோம். தலைப்புகளை ‘மழைவீழ்ச்சித் தரவுகள்’ என்று பெயராக வைக்காமல், கண்டதை முழு வாக்கியமாக எழுதுங்கள்: ‘போத்தலில் சிவப்புக் கோட்டைத் தொட்டால் வீட்டை விட்டு இறங்குங்கள்.’ தலைப்பை மட்டும் வாசித்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம், படித்த பெரிய அதிகாரிகளும் அப்படித்தான். 2003இல் கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்த கொலம்பியா விண்கல விபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கலம் மேலே சுற்றிக்கொண்டிருந்தபோது, புறப்படும் நேரம் கழன்று இறக்கையில் அடித்த நுரைத் துண்டால் ஆபத்து உண்டா என்று பொறியியலாளர்கள் நாசா அதிகாரிகளுக்கு ஸ்லைட்டுகளில் விளக்கினார்கள். ஒரு ஸ்லைட்டின் தலைப்பு பயப்பட ஒன்றுமில்லை என்ற தொனியில் இருந்தது. அதன் அடியில், சின்ன எழுத்தில், பழைய சோதனைகளில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம், இப்போது அடித்தது 1,920 கன அங்குலம் என்று இருந்தது. 640 மடங்கு. சொல்ல வேண்டியது ஸ்லைட்டில் இருந்தது. ஆனால் கடைசி வரியில் இருந்தது. விபத்தை விசாரித்த சபை தன் அறிக்கையில் இந்த ஸ்லைட்டை எடுத்துக்காட்டியே குறை சொன்னது.

எழுத்து பெரிதாக, 30 புள்ளிக்குக் குறையாமல் இருக்கட்டும். வெளிச்சம் உள்ளே விழும் தோட்டத்து மண்டபத்தில் கறுப்புப் பின்னணி தெரியாது, வெள்ளையில் கறுப்பு எழுத்துதான் சரி. மஞ்சளும் செம்மஞ்சளும் பழைய புரொஜெக்டரில் ஒன்றுபோலத் தெரியும், ஆகவே நிறத்தின் பெயரையும் பக்கத்தில் எழுதுங்கள். பாமினி எழுத்துருவில் தயாரித்திருந்தால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். யுனிகோட்டில் செய்து பிடிஎஃப் ஆகவும் ஒரு பிரதி வைத்திருங்கள். மழை நாளில் கரண்ட் போகும். முக்கியமான மூன்று படங்களைப் பெரிய டிமை தாளில் வரைந்து சுருட்டி எடுத்துப் போனால் அதுவும் ஒரு கவலை குறைவு.

பேசும்போது முதல் மூன்று வாக்கியங்களை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். முழுவதையும் பாடமாக்கினால் ஒரு சொல் மறந்ததும் எல்லாம் அறுந்துவிடும். கை நடுங்கும் என்று பயமாக இருந்தால் லேசர் பிடிக்க வேண்டாம், அந்தச் சிவப்புப் புள்ளி நடுக்கத்தைச் சுவர் முழுக்கக் காட்டும். ஒரு தடி போதும். இருபது நிமிடம் தந்தால் பன்னிரண்டு நிமிடத்துக்குத் தயாரியுங்கள், மீதியைக் கேள்விகள் எடுத்துக்கொள்ளும். ‘எங்கள் லயத்துச் சுவரில் வெடிப்பு இருக்கிறதே, அது மண்சரிவா?’ என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். பார்க்காமல் ஆம் என்றும் சொல்லாதீர்கள், இல்லை என்றும் சொல்லாதீர்கள். நிலத்தில் புது வெடிப்பு, திடீரென்று கிளம்பும் அல்லது வற்றும் ஊற்று, கலங்கி வரும் தண்ணீர், சாயும் மரமும் கம்பமும் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் என்று சொல்லிவிட்டு, அந்த வீட்டு இலக்கத்தை எழுதிக்கொண்டு உரிய அதிகாரியிடம் கொடுங்கள்.

இதே ஆய்வைத் துரைக்குச் சொல்லும்போது போத்தல் வேண்டாம். எந்த லயம் முதலில், எந்தக் கானை எப்போது துப்புரவாக்குவது, செலவு எவ்வளவு என்ற ஒரு பக்கம் போதும்.

ஐயா, இனி உங்கள் பங்கு. கூட்டத்துக்கு முன்னால் வீட்டில் நீங்களும் அம்மாவும் பக்கத்து வீட்டாரும் உட்கார்ந்து மகள் பேசுவதைக் கேளுங்கள். முடிந்ததும் ‘விளங்கியதா?’ என்று அவர் கேட்டால் எல்லோரும் ஓம் என்றுதான் சொல்வீர்கள், பிள்ளை மனம் நோகக்கூடாதே. அதற்குப் பதிலாக, கூட்டத்துக்கு வராத அக்காவுக்கு இதை எப்படிச் சொல்வீர்கள் என்று அவர் உங்களைக் கேட்கட்டும். நீங்கள் சொல்லும்போது எங்கே தடுமாறுகிறீர்களோ, அங்கே அவருடைய பேச்சைத் திருத்த வேண்டும். அது உங்கள் படிப்பறிவின் குறை என்று எண்ணி வாயை மூடிக்கொள்ளாதீர்கள்.

ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்பைப் பற்றி. நேர்முகப் பரீட்சைக்கும் கொழும்புக் கம்பனிகளுக்கும் ஆங்கிலம் தேவைதான், படிக்கட்டும். சரளமான ஆங்கிலத்தில் ஒரு மணித்தியாலம் பேசி ஒன்றும் விளங்கவைக்காதவர்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன், அதனால் அந்த வகுப்பால் இந்தக் கூட்டம் சரியாகும் என்று நம்ப வேண்டாம். காசு கட்டுவதற்கு முன்னால் மகள் ஒரு நாள் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கட்டும், பிள்ளைகள் எழுந்து பேசுகிறார்களா, சேர் மட்டும் பேசுகிறாரா என்று. சேர் மட்டும் பேசினால் வேறு வகுப்புப் பாருங்கள்.