கண்ணாடி மணி மேசைக்குச் சில தாங்கிகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எரிவாயுவில் எரியும் டார்ச் வைத்து, மாலையில் கோக்கும் கண்ணாடி மணி செய்யப் பழகிவருகிறேன். மணி ஓரளவு உருண்டையாக வரத் தொடங்கிவிட்டது. மேசைதான் வசப்படவில்லை. கண்ணாடிக் கோல்கள் உருண்டுபோய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சில கோல்கள் மறுபடி தீயில் காட்டியதும் படீரென்று தெறிக்கின்றன. மணி ஒட்டாமலிருக்கப் பூசும் பீட் ரிலீஸ் களிமண் குழம்பில் முக்கி வைத்த மாண்ட்ரல் கம்பிகள் (இவற்றைச் சுற்றித்தான் மணி செய்கிறோம்) சாய்ந்து மோதிப் பூச்சு உதிர்கிறது. சாமணத்தைச் சூடான பக்கமாகப் பிடித்துக் கையைச் சுட்டுக்கொண்டதும் உண்டு. இதற்கென்றே விற்கும் தாங்கிகளை வாங்க இப்போது வசதியில்லை. கையில் கிடைப்பதைக் கொண்டே செய்துகொள்ள முடியுமா? கத்திகளை ஒட்டிவைக்கும் காந்தப் பட்டை ஒன்று இருக்கிறது. எல்லாக் கருவிகளுக்கும் அதுவே போதுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எல்லாவற்றையும் நீங்களே செய்துகொள்ளலாம். ஆனால் டப்பா தேடப் போகும் முன் ஒவ்வொரு பொருளையும் பார்த்து ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதைக் கீழே வைக்கும்போது இது எவ்வளவு சூடாக இருக்கும்? பலரும் கருவிகளை வகைவாரியாகப் பிரித்து அடுக்குகிறார்கள். என் கருத்தில், சூட்டை வைத்துப் பிரிப்பதே சரி. எஃகின் சிவப்பு 500 டிகிரி செல்சியஸை ஒட்டி மறைந்துவிடும். அதன்பிறகு 400 டிகிரியில் இருக்கும் சாமணத்துக்கும் ஆறிய சாமணத்துக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. தாங்கி கைப்பிடியை மட்டும் உங்கள் பக்கம் காட்டினால், எது சூடு என்று யோசிக்க வேண்டிய தேவையே வராது.

சூடான பொருள் வைக்கும் இடத்தில் பூச்சு எதுவும் இல்லாத எஃகு, செங்கல், சுட்ட மண், பீங்கான் ஓடு ஆகியவை மட்டும் இருக்கட்டும். ஜி.ஐ. தகடு வேண்டவே வேண்டாம். அதன்மேல் பூசிய துத்தநாகம் 420 டிகிரியில் உருகிவிடும். டார்ச் தீ நேரே பட்டால் கிளம்பும் வெண்புகையைச் சுவாசித்தால் குளிரும் காய்ச்சலும் வரும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். தீயின் எதிரே வைக்கத் தகுந்ததல்ல. பி.வி.சி. 80 டிகிரியை ஒட்டியே தளர்ந்துவிடும், கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். மரமும் அட்டையும் ஆறிய பொருளுக்கு மட்டும்.

முதலில் கோல் தெறிக்கும் சிக்கல். பாதி உருகிய முனையைக் கனத்த, குளிர்ந்த உலோகத்தின்மேல் கிடத்தினால் தொட்ட இடம் மட்டும் சட்டென்று குளிரும். உள்ளே சூடும் வெளியே குளிருமாகக் கண்ணாடி இழுபட்டு நுண்விரிசல் விடும். திரும்பத் தீக்குள் கொண்டுபோனதும் அந்த விரிசலில்தான் தெறிக்கிறது. ஆகவே கோலின் சூடான முனை எதையும் தொடக்கூடாது, காற்றில் நிற்க வேண்டும்.

இதற்கு 25 மி.மீ. எஃகு எல்-ஆங்கிளில் 30 செ.மீ. துண்டு போதும். பெயின்ட் இருந்தால் உப்புத்தாளால் முழுதும் தேய்த்து எடுத்துவிடுங்கள். மடிப்பு விளிம்பு மேலே வரும்படி கவிழ்த்து வைத்தால் அது தானாகவே நிற்கும். உயரம் ஏறத்தாழ 18 மி.மீ. இருக்கும். முக்கோண அரத்தால் அந்த விளிம்பில் 25 மி.மீ. இடைவெளி விட்டு, 3 முதல் 4 மி.மீ. ஆழத்துக்குப் பள்ளம் போடுங்கள். இடைவெளியைக் குறைத்தால் அடுத்தடுத்த கோல்களின் முனைகள் நெருங்கி ஒட்டும். இன்னும் உயரம் வேண்டுமானால் ஆங்கிளை ஒரு செங்கல்மேல் வையுங்கள். கோலின் வால்பகுதி மேசையில் படிய, முனையிலிருந்து சுமார் 10 செ.மீ. தள்ளிய இடம் பள்ளத்தில் அமர, முனை சற்று மேல்நோக்கி நிற்கும். தேய்ந்து 20 செ.மீ.க்கும் குறைந்த கோல் இதில் சரியாக அமராது; முனையில் உருண்டை திரண்டிருந்தால் தலை கனத்துக் குப்புற விழும். அத்தகைய துண்டை அதே வகைக் கோல் ஒன்றின் நுனியில் உருக்கி ஒட்டிப் பயன்படுத்துங்கள். ஆங்கிளுக்கு அடியிலும் முன்னாலும் பீங்கான் ஓடோ எஃகுத் தகடோ இருக்க வேண்டும். துளி விழுந்தால் மேசை கருகக்கூடாது.

அடுத்து மாண்ட்ரல் கம்பிகள். மணல் நிரப்பிய டப்பாவில் குத்தி வைப்பது எல்லாரும் சொல்லும் வழி. அது வேலை செய்யும், ஆனால் மேலே கனத்த கம்பி மணலில் மெல்லச் சாயும். ஈரப்பூச்சில் மணல் ஒட்டினால் மணியின் துளைக்குள் பொரிப்பொரியாக நிற்கும். மரக்கட்டையே மேல் என்பேன். 40 மி.மீ. கனமுள்ள கட்டையில் 20 மி.மீ. இடைவெளியில், 25 முதல் 30 மி.மீ. ஆழத்துக்குத் துளை போடுங்கள். 1.6 மி.மீ. கம்பிக்கு 2 மி.மீ. பிட், 2.4க்கு 3 மி.மீ., 3.2க்கு 3.5 அல்லது 4 மி.மீ. துளை இதைவிடப் பெரிதானால் கம்பிகள் சாய்ந்து மோதும். மிகவும் இறுக்கமானால் ஈரத்தில் மரம் ஊதிக் கவ்விக்கொள்ளும், பிடுங்கும் அதிர்ச்சியிலேயே பூச்சு வெடிக்கும். பத்துக்கு ஐந்து என்று துளையிட்டால் 22 செ.மீ.க்கு 12 செ.மீ. கட்டையில் 50 கம்பிகள் நிற்கும். துளையிட நேரமில்லையா? நெளி அட்டையைப் பட்டையாக வெட்டி, இறுக்கிச் சுருட்டி, டப்பாவுக்குள் திணித்துவிடுங்கள். நெளிவுகளே துளைகள்.

இரண்டிலும் பூசாத முனைதான் கீழே போக வேண்டும். பூச்சு டப்பாவைப் பற்றியும் ஒரு வார்த்தை: அகலமான டப்பாவில் 6 செ.மீ. ஆழம் வரப் பூச்சு நிறையப் பிடிக்கும். குறுகிய, உயரமான சீசாவில் கொஞ்சமே போதும். களிமண் அடியில் தங்கிவிடுவதால் முக்கும் முன் நன்றாகக் கலக்க வேண்டும். கம்பியை நேராக இறக்கி, நிற்காமல் ஒரே வேகத்தில் தூக்குங்கள். நடுவில் நின்றால் அங்கே வளையம்போலப் பூச்சு தடித்துவிடும்.

இந்தக் கட்டையிலோ மணல் டப்பாவிலோ சூடான மணியை ஆற வைக்க வேண்டாம். அதற்குச் சூளை வேண்டும். 104 வகை மென்கண்ணாடியை (சூட்டில் கண்ணாடி எவ்வளவு விரியும் என்பதைக் காட்டும் விரிவெண் இது) 510 முதல் 520 டிகிரி வாக்கில் நிறுத்திப் பிறகு மெல்ல இறக்குவார்கள். சூளை இல்லாதவரை, தகர டப்பாவில் குறைந்தது 15 செ.மீ. ஆழத்துக்கு உலர்ந்த வெர்மிகுலைட் (சூட்டை எளிதில் கடத்தாத இலேசான கனிமத் துகள்) போட்டு, முன்கூட்டியே சூடாக்கி, மணியின் சிவப்பு மறைந்ததும் உள்ளே புதையுங்கள். அது விரிசலைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். கண்ணாடிக்குள் தங்கிய இறுக்கத்தைச் சூளைதான் போக்கும். வெர்மிகுலைட் ஈரமாக இருந்தால் நீராவி பட்டு மணி உடையும். தூசு பறக்காமல் கையாளுங்கள், முகக்கவசம் போடுங்கள்.

சாமணம், டங்ஸ்டன் ஊசி போன்றவற்றை ஒரு கனத்த எஃகு டம்ளரில் சூடான முனை கீழே போகும்படி நிறுத்துங்கள். முனை மேலே இருந்தால் குறுக்கே போகும் முழங்கை சுடும். வெறும் டம்ளர் நீளமான கருவியின் பாரத்தில் கவிழும். அதை ஒரு பெரிய டப்பாவுக்குள் வைத்து, சுற்றிலும் உலர்ந்த கூழாங்கற்களால் நிரப்பினால் அசையாது. டம்ளருக்குள் எதுவும் போடாதீர்கள். துணியோ பஞ்சோ கருகும், மணல் சூடான ஊசியில் ஒட்டும். மணியை உருட்டி வடிவாக்கும் கிராஃபைட் பலகையான மார்வரை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம், எஃகில் இடித்தால் விளிம்பு பொரிந்துவிடும். பொரிந்த விளிம்பு ஒவ்வொரு மணியிலும் கோடு போடும். அதை ஓட்டின்மேல் தட்டையாகப் படுக்க வையுங்கள்.

டம்ளர் எந்தப் பக்கம்? இடக்கையில் மாண்ட்ரலும் வலக்கையில் கோலுமாக வேலை செய்பவருக்கு எல்லாமே வலப்பக்கம்தான். தீயைக் கடந்து கை நீட்டி எடுக்க வேண்டிய இடத்தில் ஒரு பொருளும் கூடாது. தீ நோக்கும் திசையில் ஒரு மீட்டருக்குள் எரியக்கூடியது இருக்கக்கூடாது. மேசையில் அன்றைய மணிக்கு வேண்டிய நான்கைந்து கருவிகள் போதும்.

கோல்களின் சேமிப்பு டார்ச்சிலிருந்து தள்ளியே இருப்பதால் அங்கே பி.வி.சி. குழாய் தாராளமாக ஆகும். 33 செ.மீ. கோலுக்குக் குழாயை 28 செ.மீ. நீளத்துக்கு ஹாக்சாவால் அறுத்தால், பிடித்து இழுக்க 5 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அறுத்த விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, பின்பக்கம் பலகை அடித்து, முன்வாய் சற்று உயர்ந்திருக்கும்படி படுக்கவைத்து அடுக்குங்கள். 5 முதல் 6 மி.மீ. கோல் ஒன்று 20 கிராமை ஒட்டி வரும். 50 மி.மீ. உள்விட்டக் குழாயில் 40 கோல் தளர்வாகப் பிடிக்கும், அதாவது ஒரு குழாய்க்கு 800 கிராம். 12 குழாய் வைத்தால் பத்துக் கிலோவை நெருங்கிவிடும், அலமாரி அதைத் தாங்குமா என்று பாருங்கள். கண் மட்டத்தில் மட்டும் வைக்காதீர்கள், நீட்டிய முனைகள் கூர்மையானவை.

குழாயில் நிறத்தோடு விரிவெண்ணையும் எழுதுங்கள். 104, 90, 33 மூன்றும் பார்வைக்கு ஒரே கண்ணாடிதான். ஒரே மணியில் கலந்தால் ஆறும்போது பிளந்துவிடும். மீந்த குட்டித் துண்டுகளுக்கும் தனித்தனி டப்பா வேண்டும், கலப்படம் பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. ஸ்ட்ரிங்கர்களை, அதாவது கண்ணாடியை உருக்கி இழுத்த மெல்லிய இழைகளை, 15 அல்லது 20 மி.மீ. குழாய்த் துண்டுகளில் அடியில் பஞ்சு வைத்துப் போடுங்கள். 1 மி.மீ. இழையில் கருநீலமும் கரும்பழுப்பும் கறுப்பும் ஒன்றுபோலவே தெரியும் என்பதால் இழுத்த உடனே பெயர் எழுதிவிடுவது நல்லது.

கடைசியாகக் காந்தப் பட்டை. எல்லாவற்றுக்கும் உதவாது. மாண்ட்ரல் கம்பிகள் பெரும்பாலும் 304 போன்ற ரகத் துருப்பிடிக்காத எஃகு, அவை காந்தத்தில் ஒட்டவே ஒட்டாது அல்லது பெயருக்கு ஒட்டி நழுவும். டங்ஸ்டன், பித்தளை, கிராஃபைட் எதுவும் ஒட்டாது. சாதா எஃகுச் சாமணமும் கத்தியும் பிடிக்கும், அதுவும் ஆறிய பிறகுதான். நியோடிமியம் காந்தத்தின் சாதாரண ரகங்கள் 80 டிகிரியைத் தாண்டினாலே பலம் இழக்கத் தொடங்கும். பிறகு ஒருநாள் கத்தி தானாக விழும், கீழே உங்கள் கை இருக்கலாம். பட்டையை மேசைக்குப் பக்கவாட்டுச் சுவரில், டார்ச்சிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி மாட்டி, அன்று பயன்படுத்தாத எஃகுக் கருவிகளை மட்டும் அதில் வையுங்கள். பித்தளைக் கருவிகளுக்கு ஒரு பலகையில் வரிசையாக ஆணி அடித்து, கைப்பிடியில் நூல் கட்டித் தொங்கவிட்டால் போதும்.