வாசகர் கேள்வி – பதில்: ஃபைபர் இணைப்பும் அதன் செலவும்

கேள்வி: பக்கத்து ஒழுங்கையில் ஃபைபர் இணைப்பு வழங்கப்பட்டிருக்கிறது. நாங்கள் விண்ணப்பித்து மாதங்கள் கடந்தும் ‘வசதி இல்லை’ என்ற பதிலே வருகிறது. ஒரே ஊருக்குள் இந்த வேறுபாடு ஏன்?
– வாசகி, உவர்மலை

பதில்: ஃபைபர் ஊருக்கு வருவது வேறு, உங்கள் வாசலுக்கு வருவது வேறு. தொலைபேசி நிலையத்திலிருந்து புறப்படும் ஒரு கண்ணாடி இழை, வழியிலுள்ள பிரிப்பான்களில் பெரும்பாலும் 32 அல்லது 64 கிளைகளாகப் பிரிந்து, வீதியோரக் கம்பத்துப் பெட்டிகள் வழியாக வீடுகளைச் சென்றடைகிறது. உங்கள் ஒழுங்கைக்கு அருகில் அத்தகைய பெட்டி இல்லாவிட்டாலும், இருந்தும் அதன் கிளைகள் அனைத்தும் பிறருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டாலும், உங்களுக்குக் கிடைப்பது இதே பதில்தான். எனவே, பெட்டியே இல்லையா, அல்லது பெட்டியில் இடமில்லையா என்று எழுத்தில் கேளுங்கள். இடமில்லை என்றால் மேலும் ஒரு பிரிப்பானைப் பொருத்தித் தீர்வு காண வாய்ப்புண்டு. பெட்டியே இல்லையென்றால் புதிதாக கேபிள் இழுக்க வேண்டும். அதற்குத் தனி வீட்டின் விண்ணப்பத்தைவிட ஒழுங்கையார் அனைவரும் கையொப்பமிட்ட விண்ணப்பமே வலுவானது. நிறுவனம் பதிலளிக்காவிட்டால் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். பணம் செலுத்தும் ஒருவருக்குக் காரணத்தை அறியும் உரிமை இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: நிலாவெளியில் சிறிய விடுதி நடத்துகிறேன். வீட்டு இணைப்பின் அதே வேகத்துக்கு ‘வணிக இணைப்பு’ என்று பல மடங்கு கட்டணம் கேட்கிறார்கள். அது அவசியமா?
– விடுதி உரிமையாளர்

பதில்: வேக எண் ஒன்றாக இருந்தாலும் பொருள் ஒன்றல்ல. ஒரு இழையைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கப் பரவலாகப் பயன்படும் ஜீபொன் (GPON) தொழில்நுட்பத்தில் அந்த இழையின் மொத்தப் பதிவிறக்கத் திறன் நொடிக்கு ஏறத்தாழ 2.5 ஜிகாபிட், பதிவேற்றத் திறன் 1.25 ஜிகாபிட், இதைத்தான் அந்த இழையிலுள்ள அனைவரும் பகிர்கிறார்கள். 32 பேரும் ஒரே நொடியில் முழுமூச்சாகப் பயன்படுத்தினால் ஒருவருக்கு 80 மெகாபிட்டுக்கும் குறைவாகவே மிஞ்சும். நடைமுறையில் அப்படி நேர்வது அரிது. உண்மையான வணிக இணைப்பு என்பது பிறரோடு பகிராத தனி இணைப்பு. அதற்குப் பல மடங்கு கேட்பதற்குக் காரணம், அந்த வேகம் உங்களுக்கென்றே ஒதுக்கப்படுவதும், பதிவேற்றமும் அதே அளவில் கிடைப்பதும், நிலையான ஐபி முகவரியும் (மாறாத இணைய முகவரி), பழுதுபார்க்கும் கால வரையறை ஒப்பந்தத்தில் எழுதப்படுவதும் ஆகும். இவை ஒப்பந்தத்தில் எழுதப்படாமல் ‘வணிகம்’ என்ற பெயர் மட்டும் இருந்தால் அந்த விலையைக் கொடுக்காதீர்கள்.

மே முதல் செப்டெம்பர் வரையான பருவத்தில் விருந்தினர் திரளும் சிறு விடுதிக்குச் சாதாரண ஃபைபர் இணைப்பு ஒன்றும், அது அறுந்தால் கைகொடுக்க வேறொரு நிறுவனத்தின் 4ஜி இணைப்பு ஒன்றும் போதும் என்பேன். மீதிப் பணத்தை அறைகளுக்கு லான் கேபிள் இழுத்து, இரண்டு மூன்று இடங்களில் வைஃபை கருவி பொருத்தச் செலவிடுங்கள்; விருந்தினரின் முறைப்பாடுகளில் பெரும்பகுதி கொங்கிரீட் சுவர்களைத் தாண்ட முடியாத வைஃபை பற்றியதே. கடலோரத்தில் ஃபைபருக்கு இன்னொரு நன்மையும் உண்டு: உப்புக்காற்றில் செப்புக் கம்பியின் இணைப்புகள் அரிக்கப்படுவதுபோல் கண்ணாடி இழை அரிக்கப்படுவதில்லை. விலை கேட்கும்போது வரி சேர்ந்த தொகையையே கேளுங்கள். 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி மட்டுமே 18 வீதம்.

கேள்வி: பிள்ளைகளின் இணையவழி வகுப்புக்கு 100 மெகாபிட் எடுப்பதா, 300 எடுப்பதா? மின்தடையின்போதும் இணைப்பு இயங்குமா?
– வாசகர், கிண்ணியா

பதில்: 100 தாராளமாகப் போதும். தெளிவான ஒரு காணொளிக்குத் தேவைப்படுவது நொடிக்கு ஏறத்தாழ 5 மெகாபிட்தான். நீங்கள் கவனிக்க வேண்டியது மாத டேட்டா அளவு: அந்த வேகத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் 2.25 ஜிகாபைட் செலவாகும் (எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட்). நாளுக்கு மூன்று மணி நேரம் என்றால் மாதத்துக்கு 200 ஜிகாபைட்டைத் தாண்டும். ‘வரையறையற்றது’ என்று விற்கப்படும் பக்கேஜிலும் எந்த அளவுக்குப் பின் வேகம் குறைக்கப்படும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மின்தடையில் இயங்காது. பழைய செப்புக் கம்பித் தொலைபேசி, தொலைபேசி நிலையத்திலுள்ள மின்கலத்தில் இயங்கியது. ஃபைபரின் ரவுட்டருக்கோ உங்கள் வீட்டு மின்சாரமே வேண்டும். அதன் அடாப்டரில் அச்சிட்டுள்ள வோல்ட், அம்பியர் அளவுகளைப் பார்த்து, அவற்றுக்குப் பொருந்தும் சிறிய யூபிஎஸ் ஒன்றை வாங்குங்கள். பல ரவுட்டர்களுக்கு அது 12 வோல்ட்டாக இருக்கும்.