வீட்டு இணையத்துக்குச் செல்பேசி டேட்டா போதுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தாம்பரத்தில் வாடகை வீட்டில் நானும் என் மனைவியும் வசிக்கிறோம். 11 மாத ஒப்பந்தம் முடிந்ததும் வீடு மாற வேண்டியிருக்கலாம். பிராட்பேண்ட் எடுக்காமல், நாளுக்கு 2 ஜிபி தரும் ரீசார்ஜையும் ஹாட்ஸ்பாட்டையும் கொண்டே சமாளிக்க இயலுமா?

பதில்: செய்தி வாசிப்பது, வாட்ஸ்அப், பணப் பரிமாற்றம் ஆகியவற்றோடு உங்கள் பயன்பாடு நின்றுவிடுமானால் இயலும், இருவரில் ஒருவர் வீட்டிலிருந்து அலுவலக வேலை பார்ப்பவராயின் இயலாது. காணொளிக் கூட்டம் ஒன்று மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபி எடுத்துக்கொள்ளும். எச்டி தரத்தில் படம் பார்த்தால் மணிக்கு 3 ஜிபி வரை செலவாகும் என்பது நெட்ஃப்ளிக்ஸ் நிறுவனமே தரும் கணக்கு. அன்றைய ஒதுக்கீடு தீர்ந்தபின் வேகம் பெரும்பாலான திட்டங்களில் 64 கேபிபிஎஸ் ஆகக் குறைக்கப்படுகிறது. அந்த வேகத்தில் 1 எம்பி அளவுள்ள ஒரு படம் வந்துசேரவே இரண்டு நிமிடம் ஆகும். 2023ஆம் ஆண்டு முதல் மத்திய அரசு பிராட்பேண்டுக்கு வகுத்துள்ள குறைந்தபட்ச வேகம் 2 எம்பிபிஎஸ் என்பதையும், 64 கேபிபிஎஸ் அதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், எஞ்சுவதை இணையம் என்று அழைப்பதே கடினம். ‘வரம்பற்ற 5ஜி’ சேர்ந்த ரீசார்ஜ் உங்களிடம் இருந்தாலும், கைபேசி 4ஜிக்கு இறங்கும் நேரமெல்லாம் அந்த 2 ஜிபியிலிருந்தே கழிக்கப்படும் என்பதை மறந்துவிட வேண்டாம்.

கேள்வி: காலையில் வேகத்தைச் சோதித்தால் 200 எம்பிபிஎஸ் காட்டுகிறது. இரவு எட்டு மணிக்கு மகளின் இணையவழி வகுப்பு திக்கித் திணறுகிறது. கைபேசி பழுதா, சிம் பழுதா?

பதில்: பெரும்பாலும் இரண்டுமே அல்ல. ஒரு செல்பேசிக் கோபுரம் ஒரு திசையில் தரக்கூடிய மொத்தத் திறனை, அந்தத் திசையில் அந்நேரத்தில் இணைந்திருக்கும் அனைவரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். தெரு முழுவதும் வீடு திரும்பிப் படமும் கிரிக்கெட்டும் பார்க்கத் தொடங்கும் வேளையில் உங்கள் பங்கு சுருங்கிவிடுகிறது. கண்ணாடி இழை வழியாக வரும் ஃபைபர் பிராட்பேண்டிலும் பங்கீடு உண்டு. ஆனால் அங்கே 2.5 ஜிபிபிஎஸ் திறனுள்ள ஓர் இழை வழக்கமாக 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. அந்த எண்ணிக்கை கூடுவதில்லை. மழையும் சுவரும் அதைப் பாதிப்பதுமில்லை. ஆகவே கம்பியில்லா இணைப்பை உச்ச வேகத்தைக் கொண்டு மதிப்பிடுவது தவறு. உங்கள் வீட்டில், உங்களுக்குத் தேவைப்படும் நேரத்தில் கிடைக்கும் மிகக் குறைந்த வேகமே அதன் உண்மையான அளவுகோல் என்று நான் கருதுகிறேன். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வெளியிட்டுள்ள மைஸ்பீடு செயலியைக் கொண்டு, ஒரு வாரம் இரவு ஏழு முதல் பத்து மணிக்குள் சோதித்து எழுதி வையுங்கள். பதிவிறக்க வேகத்தை மட்டும் பார்க்காமல் பதிவேற்ற வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் வகுப்பில் மகளின் குரலும் முகமும் ஆசிரியரைச் சென்றடைவது அதன் வழியாகத்தான்.

இடத்தை மாற்றிப் பார்ப்பதும் பயன் தரும். 5ஜிக்கு அதிகம் பயன்படும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலைகள் கான்கிரீட் சுவரைத் தாண்டுகையில் வெகுவாக வலுவிழக்கின்றன. ஆண்ட்ராய்டு கைபேசியில் ‘சிம் நிலை’ என்னும் பகுதியில் சிக்னல் வலிமை டிபிஎம் அளவில் தெரியும். மைனஸ் 85ஐ ஒட்டியிருந்தால் நல்லது, மைனஸ் 110க்குக் கீழே சென்றால் அந்த அறையில் வகுப்பு நடத்த முயல வேண்டாம். உள்ளறையில் திணறும் இணைப்பு கோபுரத்தைப் பார்த்த ஜன்னலோரத்தில் சீராக ஓடுவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் கிராமத்துக்கு ஃபைபர் வரவில்லை. ஏர்ஃபைபர் எடுப்பதற்கும் ஹாட்ஸ்பாட் போடுவதற்கும் என்ன வேறுபாடு? இரண்டும் அதே கோபுரம்தானே?

பதில்: கோபுரம் ஒன்றாக இருக்கலாம்; சிக்னலைப் பெறும் கருவி வேறு. ஜியோவும் ஏர்டெல்லும் 2023இல் தொடங்கிய இந்தச் சேவையில், மொட்டைமாடியிலோ வெளிச்சுவரிலோ கோபுரத்தை நோக்கி ஒரு பெட்டியைப் பொருத்தி, அங்கிருந்து கம்பி வழியாக வீட்டுக்குள் இருக்கும் ரூட்டருக்கு இணைப்பைக் கொண்டுவருகிறார்கள். சுவரால் ஏற்படும் இழப்பு இதனால் நீங்குகிறது. நாள் வரம்பு இல்லை. மாதத்துக்கு 1,000 ஜிபி என்பது வழக்கமான வரம்பு, ஃபைபரில் அது 3,300 ஜிபி. நாள் முழுவதும் ஹாட்ஸ்பாட் ஓடும் கைபேசி சூடேறி, மின்கலம் உப்பிக் கெட்டுப்போகும் சிக்கலும் இதில் இல்லை. பொருத்த வருபவரிடம் பெட்டியை ஆணியடித்து நிலைப்படுத்துவதற்கு முன் இரண்டு மூன்று இடங்களில் வைத்துச் சோதிக்கும்படி வற்புறுத்திக் கேளுங்கள்.

கேள்வி: சிக்னல் பூஸ்டர் வாங்கி மாட்டலாமா?

பதில்: வேண்டாம். உரிமமின்றி அதைப் பொருத்துவது இந்தியாவில் சட்டவிரோதம். அக்கம்பக்கத்தாரின் சேவையையும் அது கெடுக்கும்.

கேள்வி: சிம் ரூட்டருக்கு மாறியதிலிருந்து வீட்டுக் கண்காணிப்புக் கேமராவை வெளியூரிலிருந்து பார்க்க இயலவில்லை. முன்பு பிராட்பேண்டில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதில்: செல்பேசி வலையமைப்பில் ஒரே பொது ஐபிவி4 முகவரியை (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) ஏராளமான வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள், வெளியிலிருந்து வரும் அழைப்பு எந்த வீட்டுக்குரியது என்று அங்கே அறிய வழியில்லாததால், ரூட்டரில் போர்ட் (வெளியிலிருந்து கேமராவை அடைவதற்கான வழி) திறந்து வைப்பதால் பயனில்லை. கேமராக் காட்சியைப் பதிவு செய்யும் உங்கள் டிவிஆரில், பி2பி அல்லது கிளவுட் எனப்படும் தொலைவிலிருந்து பார்க்கும் வசதி இருந்தால் அதை இயக்குங்கள். அப்போது கருவியே உள்ளிருந்து வெளியே தொடர்புகொள்ளும் என்பதால் தடை இராது. கேமராவின் தரத்தையும் குறைத்து வையுங்கள். இடைவிடாமல் காட்சியை மேலேற்றும் கேமரா டேட்டாவைச் சத்தமின்றித் தீர்த்துவிடும்.

கேள்வி: கரண்ட் போனால் எது தாங்கும்?

பதில்: ஓரிரு மணி நேர மின்தடையில் கோபுரம் தன் பேட்டரியில் ஓடும், கைபேசியும் ஓடும், ஃபைபர் வீட்டில் ரூட்டரும் இழை வந்துசேரும் பெட்டியும் உடனே அணைந்துவிடும். ரூட்டருக்கென விற்கும் சிறிய யுபிஎஸ் ஒன்று அக்குறையைத் தீர்க்கும். நீண்ட மின்தடையில் நிலைமை வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் செல்பேசி சேவையும் முடங்கியது. ஃபைபர் வைத்திருப்போர் வேறொரு நிறுவனத்தின் சிம்மைச் சிறிய ரீசார்ஜுடன் உயிர்ப்பாக வைத்திருக்கலாம். செல்பேசி டேட்டாவை மட்டும் நம்பியிருப்போர் இரண்டாவது சிம்மை அதே நிறுவனத்திடம் வாங்கக் கூடாது.