மாத்திரை கொடுத்த பிறகும் கீரிப்பூச்சி திரும்புவது ஏன்?

கேள்வி: என் ஆறு வயது மகள் இரவில் ஆசனவாயைச் சொறிந்துகொண்டு அழுகிறாள். பள்ளியில் பூச்சி மாத்திரை கொடுத்த பின் சில நாட்கள் நன்றாக இருந்தாள். மூன்றாவது வாரம் மறுபடியும் அரிப்பு. இனிப்பு தின்பதால்தான் என்கிறார் என் மாமியார். மாதந்தோறும் மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு, நீங்கள் சொல்வது பெரும்பாலும் கீரிப்பூச்சியாகத்தான் இருக்கும். குழந்தை உறங்கி இரண்டு மூன்று மணி நேரம் கழித்து டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் அளவில், வெள்ளை நூல் துண்டு போல நெளிவது தெரியும். மலப் பரிசோதனையில் இதன் முட்டைகள் பெரும்பாலும் அகப்படுவதில்லை. எனவே அதில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் நம்பி இருந்துவிடாதீர்கள்.

பெண்புழு இரவில் வெளியே வந்து ஆசனவாயைச் சுற்றி ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. அரிப்பெடுத்துச் சொறியும்போது முட்டைகள் நகக்கண்ணில் ஏறி, சில மணி நேரத்திலேயே தொற்றும் பக்குவம் அடைந்து, விரல் வழியே மறுபடி வாய்க்குள் போகின்றன. தலையணையிலும் போர்வையிலும் உதிர்ந்தவை இரண்டு மூன்று வாரங்கள்கூட உயிரோடு இருக்கும். பூச்சி மாத்திரையான அல்பெண்டசோல் புழுவைக் கொல்லுமே தவிர, இந்த முட்டைகளை அழிக்காது. ஆகவே இரண்டு வாரம் கழித்து இரண்டாவது முறை கொடுக்க வேண்டும்; வீட்டிலுள்ள அனைவரும் அதே நாட்களில் சாப்பிட வேண்டும். "எனக்குத்தான் அரிப்பே இல்லையே" என்று தந்தைமார் நழுவுவதும், பூச்சி அவரிடமிருந்தே குழந்தைக்குத் திரும்புவதும் நான் அடிக்கடி பார்ப்பது. இரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 400 மி.கி. மாத்திரை ஒன்று, குழந்தைகள் மென்று விழுங்கட்டும். கர்ப்பிணிகளும், வலிப்பு நோய் உள்ளவர்களும், இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளும் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது. மாதந்தோறும் கொடுக்கும் அவசியமில்லை.

மாத்திரை சாப்பிடும் அந்த இரண்டு வாரமும் காலையில் எழுந்தவுடன் குழந்தையைக் குளிப்பாட்டி ஜட்டியை மாற்றுங்கள். இரவில் இட்ட முட்டைகள் கழுவப்பட்டுவிடும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். படுக்கை விரிப்பை வீட்டுக்குள் உதறாமல் சுருட்டி எடுத்து வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். பெண்குழந்தைகளுக்கு இப்புழு பிறப்புறுப்புப் பக்கம் நகர்ந்து அங்கும் எரிச்சலை உண்டாக்கலாம் என்பதால் அதையும் கவனியுங்கள். இனிப்பைப் பொறுத்தவரை, பல்லைக் காக்க அதைக் குறைப்பது நல்லதுதான். ஆனால் முட்டை வயிற்றுக்குள் போகாமல் எந்த மிட்டாயும் பூச்சியை உண்டாக்காது.

பள்ளியில் தரும் மாத்திரையின் முதன்மை இலக்கு கீரிப்பூச்சி அன்று. நாக்குப்பூச்சி, சாட்டைப்புழு, கொக்கிப்புழு ஆகிய மூன்றும்தான். 2015-இல் சில மாநிலங்களில் தொடங்கி, பின்னர் நாடெங்கும் விரிந்த குடற்புழு நீக்க நாளில் அதை வழங்குவதும் இவற்றுக்காகவே. இவற்றுள் நான் அதிகம் அஞ்சுவது கொக்கிப்புழுவை. மலம் கலந்த ஈரமண்ணில் வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து உள்ளே புகுந்து, குடல் சுவரைக் கவ்வி இரத்தம் உறிஞ்சும். அதன் ஒரு வகையில் ஒரு புழுவே நாளொன்றுக்கு 0.2 மி.லி. வரை குடித்துவிடும். உங்கள் மகள் வெளிறிப்போய், எளிதில் களைத்து, மண்ணோ சாக்பீஸோ தின்பவளாக இருந்தால், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது ஹீமோகுளோபின் பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.