கணினியிலிருந்து போனுக்குப் பாட்டு ஏற்றுவதில் சிக்கலா? கேள்வி பதில்

கேள்விகளுக்குப் போகும் முன் ஒரு சோதனை. பாட்டுக் கோப்பு போனுக்கு வந்திருக்கிறதா என்று போனில் உள்ள ஃபைல் மேனேஜரில் பாருங்கள், மியூசிக் பிளேயரில் அல்ல. கோப்பே இல்லையென்றால் கோளாறு இணைப்பிலோ காப்பியிலோ இருக்கிறது. கோப்பு இருந்தும் பிளேயரில் தெரியவில்லையென்றால் கேபிளை மாற்றிப் பயனில்லை.

கேள்வி: சார், கேபிளைச் செருகினால் ஆண்ட்ராய்டு போனில் சார்ஜ் ஏறுகிறது. ஆனால் விண்டோஸில் போன் தெரியவே இல்லை.

பதில்: சார்ஜ் ஏறுவதால் மட்டும் கேபிள் சரி என்று சொல்லிவிட முடியாது. யூஎஸ்பி 2.0 கேபிளுக்குள் 4 கம்பிகள்: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தரவுக்கு. சார்ஜுக்கு மட்டும் என்று செய்த கேபிள்களில் தரவுக் கம்பிகள் இருக்காது. வேறு கேபிளில் முயன்று பாருங்கள்.

அடுத்து, போனின் பூட்டைத் திறந்து அறிவிப்புத் திரையை இழுத்து, யூஎஸ்பி சார்ஜிங் என்ற வரியைத் தொட்டு 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு முறையும் இது பழையபடி சார்ஜிங்குக்கே திரும்பும். அது தொல்லையாக இருந்தால், செட்டிங்ஸில் பில்ட் நம்பரை 7 முறை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து, யூஎஸ்பியின் இயல்பு அமைப்பை அங்கே மாற்றிவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் தெரியவில்லையா? உங்கள் விண்டோஸ் 'என்' பதிப்பா என்று பாருங்கள். அதில் மீடியா ஃபீச்சர் பேக் இருக்காது. அது இல்லாமல், கணினிக்கும் போனுக்கும் இடையே கோப்புகளை மாற்றும் எம்டிபி இணைப்பு வேலை செய்யாது. ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதியில் அதை நிறுவிக் கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

கேள்வி: மேக்கில்?

பதில்: மேக் இயங்குதளத்துக்கு எம்டிபி தெரியாது. ஓப்பன்எம்டிபி போன்ற தனிச் செயலி வேண்டும்.

கேள்வி: 400 பாட்டு காப்பி செய்தேன். ஃபைல் மேனேஜரில் எல்லாம் இருக்கிறது, பிளேயரில் பாதிதான் வருகிறது.

பதில்: பல பிளேயர்கள் ஃபோல்டரை நேராகப் பார்ப்பதில்லை. ஆண்ட்ராய்டு வைத்திருக்கும் மீடியா பட்டியலைத்தான் படிக்கின்றன. போனை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் பல நேரம் பட்டியல் சரியாகிவிடும்.

ஆகாவிட்டால், மறைந்த கோப்புகளைக் காட்டும்படி வைத்து, புள்ளியில் தொடங்கும் 'நோமீடியா' என்ற கோப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். அது இருக்கும் ஃபோல்டரையும் அதற்குள் உள்ள ஃபோல்டர்களையும் ஆண்ட்ராய்டு மீடியா பட்டியலில் சேர்க்காது. எனவே மேல் ஃபோல்டர்களிலும் பாருங்கள்.

விடுபட்டவை எந்த வடிவம் என்பதும் முக்கியம். டபிள்யூஎம்ஏ கோப்பை ஆண்ட்ராய்டு தானாக வாசிக்காது, விஎல்சி வாசிக்கும். டபிள்யூஎம்ஏயை எம்பி3 ஆக மாற்றலாம், ஆனால் ஏற்கெனவே சுருக்கியதை மறுபடி சுருக்குவதால் ஒலித்தரம் இன்னும் குறையும். சிடி கையில் இருந்தால் அதிலிருந்தே புதிதாக எடுப்பதுதான் நல்லது.

கேள்வி: ஒரே ஆல்பம், 12 பாட்டு. போனில் 12 ஆல்பமாகப் பிரிந்து நிற்கிறது.

பதில்: ஒவ்வொரு பாட்டுக்கும் பாடகர் வேறு, 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' என்ற இடம் காலி. எம்பி3டேக் செயலியில் 12 பாட்டையும் ஒன்றாகத் தேர்ந்து, அந்த இடத்தில் ஒரே பெயரைப் போடுங்கள். இசையமைப்பாளர் பெயர் வசதியாக இருக்கும்.

பலர் இதைச் செய்தும் மாற்றம் வரவில்லை என்பார்கள். காரணம் உண்டு. பாட்டுப் பெயர், பாடகர் போன்ற விவரங்கள் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும் இடம்தான் டேக். அந்தப் பகுதியில் காலி இடம் விட்டு வைத்திருப்பார்கள்; புது எழுத்து அதற்குள் அடங்கிவிடுவதால் கோப்பின் அளவு மாறாது. அளவை மட்டும் ஒப்பிடும் ஒத்திசைவு மென்பொருள், பழைய கோப்பே போதும் என்று விட்டுவிடும். போனில் உள்ளதை அழித்துவிட்டு மறுபடி காப்பி செய்யுங்கள்.

கேள்வி: தமிழில் எழுதிய பாட்டுப் பெயர்கள் கேள்விக்குறிகளாக வருகின்றன.

பதில்: டேகுக்குள்ளேயே கேள்விக்குறி பதிந்திருந்தால் எழுத்து போய்விட்டது, மறுபடி தட்டச்சு செய்யத்தான் வேண்டும். கணினியில் தமிழாகத் தெரிந்து போனில் மட்டும் கெட்டால், எம்பி3டேக்கில் டேகின் வடிவத்தை ஐடி3 பதிப்பு 2.3 என்றும், எழுத்துக் குறியீட்டை யூடிஎஃப்-16 என்றும் அமைத்துச் சேமியுங்கள். பழைய ஐடி3 பதிப்பு 1 டேகை நீக்கிவிடுங்கள். அதில் பாட்டுப் பெயருக்கு 30 பைட்தான், யூனிகோடும் கிடையாது. சில பிளேயர்கள் அதைப் படித்துக் குழப்பும்.

கேள்வி: பிளேலிஸ்ட் வந்தது, உள்ளே பாட்டு இல்லை.

பதில்: நோட்பேடில் அதைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு வரியும் கணினியின் டிரைவ் எழுத்தில் தொடங்கும். போனில் அப்படி ஒரு டிரைவ் இல்லை. பிளேலிஸ்டைப் பாட்டு ஃபோல்டருக்குள்ளேயே வைத்து, டிரைவையும் பாதையையும் நீக்கி, கோப்புப் பெயரை மட்டும் விடுங்கள். துணை ஃபோல்டர் இருந்தால் பின்சாய்வுக் கோட்டை (\) முன்சாய்வாக (/) மாற்றுங்கள். தமிழ்ப் பெயர்கள் இருந்தால், யூனிகோடு எழுத்தை ஏற்கும் எம்3யு8 என்ற பிளேலிஸ்ட் வடிவில் சேமியுங்கள்.

கேள்வி: ஐபோனில் பாட்டை ஏற்றவே விடவில்லை. வேறு கணினியில் செருகினால் 'அழித்து ஒத்திசை' என்று கேட்கிறது.

பதில்: முதலாவதற்கு, மியூசிக் செட்டிங்ஸில் 'சிங்க் லைப்ரரி' ஆனில் இருக்கும். அது ஆனில் உள்ளவரை கேபிள் வழியாக இசையை ஒத்திசைக்க முடியாது. ஆஃப் செய்தால் ஆப்பிள் மியூசிக்கிலிருந்து இறக்கியவை போனிலிருந்து நீங்கும், தெரிந்தே செய்யுங்கள். இரண்டாவது கேள்விக்கு 'சரி' அழுத்தாதீர்கள். ஐபோன் ஒரு கணினியின் இசை நூலகத்தோடு மட்டுமே ஒத்திசையும். அழுத்தினால் ஏற்கெனவே ஏற்றியவை எல்லாம் போய்விடும். பழைய கணினியிலிருந்து நூலகத்தைப் புதியதற்கு மாற்றிய பிறகு இணையுங்கள்.

கேள்வி: வைஃபை வழியாகக் கோப்புகளை ஒத்திசைக்க சிங்க்திங் செயலியைப் பயன்படுத்துகிறேன் அண்ணா. திரை அணைந்ததும் நின்றுவிடுகிறது.

பதில்: அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரி ஆப்டிமைசேஷனை நிறுத்துங்கள். கணினியும் போனும் ஒன்றையொன்று காணவே இல்லையென்றால், போன் கெஸ்ட் வைஃபையில் இருக்கலாம். அதில் கருவிகள் ஒன்றோடொன்று பேச ரவுட்டர் விடாது. கணினியின் ஃபயர்வாலில் 22000, 21027 இரண்டு போர்ட்டும் திறந்திருக்க வேண்டும்.