போர்ச்சுக்கலில் உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் சாப்பாட்டை எங்கே, எப்படிச் சாப்பிடுவது? கேட்காமலே மேசையில் வைப்பவற்றுக்குக் காசு உண்டா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: உண்டு, ஆனால் தொட்டால்தான்.

உட்கார்ந்ததும் ரொட்டி, வெண்ணெய், ஆலிவ் காய், மத்தி மீன் விழுது, சில இடங்களில் பாலாடைக்கட்டித் துண்டு என்று வரிசையாக வந்து இறங்கும். இதற்குப் பெயர் கூவேர். இலவசம் கிடையாது. அதற்காக ஏமாற்று வேலையும் கிடையாது, அந்த ஊரின் பழைய வழக்கம். வாடிக்கையாளர் கேட்காத, கையும் வைக்காத பண்டத்துக்குப் பணம் வாங்கக் கூடாது என்று 2015-ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ரொட்டியும் ஆலிவும் பெரும்பாலும் ஓரிரு யூரோதான், தாராளமாகச் சாப்பிடலாம். பில்லை ஏற்றுவது பாலாடைக்கட்டியும் பன்றித்தொடைத் தட்டும். வேண்டாம் என்றால் வைத்த உடனேயே எடுத்துப்போகச் சொல்லிவிடுங்கள். பாதி தின்றுவிட்டு பில் வந்தபிறகு வாதாடிப் பயனில்லை.

இனி முதல் கேள்வி. ஒரே ஒரு யோசனைதான் சொல்லலாம் என்றால், மதியம் சாப்பிடுங்கள் என்பேன். இரவில் சுற்றுலாப் பயணிகளுக்காக நடக்கும் கடைகூட மதியத்தில் பக்கத்து அலுவலக ஆட்களை நம்பித்தான் நடக்கும். தேட வேண்டியது 'தாஷ்கா' எனப்படும் சின்னக் குடும்பக் கடையை. மேசைமேல் காகித விரிப்பு, மூலையில் தொலைக்காட்சி, கண்ணாடியில் பேனாவால் எழுதி ஒட்டிய தாள். அந்தத் தாளில் இருப்பதுதான் 'பிராத்து து தியா', அன்றைய சமையல். அட்டைபோட்ட பெரிய மெனுவைத் திறக்கவே வேண்டாம். பல கடைகளில் சூப், ஒரு தட்டு உணவு, குடிக்க ஏதாவது, காபி எல்லாம் சேர்ந்து ஒரே விலை. ஊரையும் தெருவையும் பொறுத்து 9 முதல் 14 யூரோவுக்குள் முடியும். படம் போட்ட மெனு, வாசலில் நின்று கூப்பிடும் ஆள், இந்த இரண்டும் இருந்தால் நடையைக் கட்டுங்கள்.

நேரம் முக்கியம். பகல் 12.30-க்குப் போனால் எல்லாம் கிடைக்கும். 1.30 தாண்டினால் நல்ல அயிட்டங்களைத் தாளில் அடித்துவிட்டிருப்பார்கள். 3 மணிக்குச் சமையலறை மூடிவிடும், பிறகு இரவு 7 அல்லது 7.30-க்குத்தான் திறக்கும். ஊர்க்காரர்கள் 8-க்கு மேல்தான் வருவார்கள். இடைப்பட்ட நேரத்தில் பசித்தால் 'பஷ்தலரீயா' எனும் பேக்கரிக் கடைதான் துணை. ஞாயிறு இரவு பல தாஷ்காக்கள் மூடியிருக்கும்.

அளவு விஷயத்தில் புதிதாகப் போகிறவர்கள் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். மெனுவில் ஒரே உணவுக்கு இரண்டு விலை இருந்தால், ஒன்று 'தோஸ்', மற்றது 'மேயா தோஸ்', அதாவது பாதி. அந்த முழு தோஸ் பல இடங்களில் இரண்டு பேருக்குத் தாராளமாகப் போதும். ஒரு ஆளுக்குப் பாதியே வயிறு நிறையும். சோறும் உருளைக்கிழங்கும் ஒரே தட்டில் வந்தால் திகைக்க வேண்டாம், அங்கே அதுதான் வழக்கம்.

என்ன கேட்பது? பக்கல்யாவ் இல்லாமல் போர்ச்சுக்கல் சமையல் இல்லை. உப்பிட்டுக் காயவைத்த காட் மீன் இது. போர்ச்சுக்கல் கடலில் பிடிப்பதல்ல, நார்வே, ஐஸ்லாந்து பக்கத்துக் குளிர்கடல் மீன். சமைக்குமுன் மெல்லிய துண்டை ஒரு நாளும் தடித்த துண்டை இரண்டு நாளும் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, நீரைப் பலமுறை மாற்ற வேண்டும். இதில் அவசரப்பட்டால் உள்ளே உப்பு தங்கிவிடும், அளவுக்கு மீறி ஊறினால் மீன் சப்பென்று ஆகிவிடும். நல்ல துண்டு என்றால் முள்கரண்டி பட்டதும் இதழ் இதழாக வழுக்கிப் பிரியும். நார்நாராகப் பிய்ந்தால் மட்டமான துண்டு அல்லது வெந்தது அதிகம்.

முதல்முறை என்றால் 'பக்கல்யாவ் ஆ பிராஸ்' கேளுங்கள். உதிர்த்த மீனை வெங்காயம், பூண்டோடு ஆலிவ் எண்ணெயில் வதக்கி, தீக்குச்சி போல நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கைச் சேர்த்து, கடைசியில் முட்டையை ஊற்றிக் கிளறி, பார்ஸ்லியும் கறுப்பு ஆலிவும் தூவுவார்கள். முட்டை ஊற்றியதும் அடுப்பிலிருந்து இறக்கிவிட வேண்டும், சட்டியின் சூடே போதும். தட்டில் பளபளவென்று ஈரமாக இருந்தால் கைதேர்ந்த சமையல். முட்டைப் பொரியல் போல வறண்டு உதிர்ந்தால் முன்பே செய்துவைத்துச் சூடுபண்ணியது. தடித்த மீன் துண்டையே ருசிக்க 'ஆ லகரெய்ரு' கேட்க வேண்டும். அடுப்பில் சுட்ட மீன், கைமுட்டியால் ஒரு குத்து விட்டு நசுக்கிய உருளைக்கிழங்கு, பூண்டு, மேலே குளமாக ஆலிவ் எண்ணெய். விலை கூடுதல். இதே முறையில் செய்யும் ஆக்டோபஸ் இன்னும் மேல் என்பது என் கட்சி.

மத்தி மீனுக்குப் பருவம் உண்டு. ஜூனில் கொழுப்பேறத் தொடங்கி கோடை முழுக்க நன்றாக இருக்கும். ஜூன் 12 இரவு லிஸ்பனில் புனித அந்தோணியார் விழாவுக்குத் தெருவெல்லாம் மத்தி சுடும் புகைதான். குளிர்காலத்தில் 'சுட்ட மத்தி' என்று விற்றால் பெரும்பாலும் உறையவைத்தது, விட்டுவிடுங்கள். செதிலும் குடலும் எடுக்காமல் கல்லுப்புப் போட்டு முழுதாகச் சுடுவார்கள். மீனை ரொட்டித் துண்டின்மேல் வைத்து, தோலை விலக்கிக் கையால் சதையை எடுத்துத் தின்ன வேண்டும். ஒழுகும் கொழுப்பை அடியிலிருக்கும் ரொட்டி குடித்துக்கொண்டிருக்கும், அதைக் கடைசியில் தின்பார்கள்.

புதுமீனும் நண்டு, இறால், சிப்பி வகைகளும் பல கடைகளில் கிலோ விலையில்தான் எழுதியிருக்கும். சமைக்கக் கொண்டுபோகும் முன் எடைபோடச் சொல்லி, எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிடுங்கள். பில்லைப் பார்த்து அதிர்ந்தவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியை விட்டவர்கள்தான்.

ஊருக்கு ஊர் சிறப்பு மாறும். போர்த்து (போர்ட்டோ) நகரில் 'ஃப்ரான்செசீன்யா': இறைச்சி அடுக்கி, சீஸ் உருக்கி, பீர் கலந்த காரச் சாற்றில் மிதக்கும் சாண்ட்விச். குடல்கறியும் அந்த ஊர்ப் பெருமை. பைராடா பகுதியில் பன்றிக்குட்டி ரோஸ்ட். அசோரஸ் தீவுகளின் ஃபுர்னாஸில் எரிமலைச் சூடுள்ள மண்ணில் சட்டியைப் புதைத்துப் பல மணிநேரம் வேகவிடும் இறைச்சிக் கலவை. அலென்தேஜு பகுதியில் கொத்தமல்லித்தழை தாராளமாக விழும், நம் நாக்குக்கு உடனே ஒத்துப்போகும் சமையல் அது.

சைவம் என்றால் கவனம் கூடுதலாக வேண்டும். உருளைக்கிழங்கு மசியலில் கீரையை மெல்லிசாக அரிந்துபோடும் 'கால்து வெர்த்' சூப்பில் 'ஷோரீசு' என்ற பன்றித் தொத்திறைச்சி ஒரு வில்லையாவது கிடக்கும். துண்டைத் தள்ளிவைத்தால் போதாது, பல வீடுகளில் அதைப் போட்டே கொதிக்கவிடுகிறார்கள். அலென்தேஜுவின் 'அசோர்தா' பூண்டும் கொத்தமல்லியும் இடித்து, வெந்நீர், ரொட்டி, முட்டை சேர்த்தது. ஆனால் அந்த வெந்நீர் மீன் வேகவைத்த நீராக இருக்கலாம். பேக்கரிக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் 'ஷமூசா' நம் சமோசாவேதான், கோவா தொடர்பில் அங்கே போனது. உள்ளே பெரும்பாலும் இறைச்சி. பிராகா பக்கத்து 'அபாத் து ப்ரிஷ்குஷ்' புட்டிங்கில் பன்றிக்கொழுப்பு சேரும், இனிப்பு என்று நம்பிவிடாதீர்கள்.

நம்பிச் சாப்பிட: பீன்ஸை மாவில் தோய்த்துப் பொரிக்கும் 'பெய்ஷீன்யுஷ் தா ஓர்த்தா', கிட்டத்தட்ட பீன்ஸ் பஜ்ஜி. மாவில் முட்டை உண்டா என்று மட்டும் கேளுங்கள். செர்ரா தா எஷ்த்ரேலா, அசெய்த்தாவ் போன்ற செம்மறியாட்டுப் பாலாடைக்கட்டிகளுக்குப் பாலை ஒரு வகை முட்செடிப் பூவை ஊறவைத்த நீரால்தான் திரிக்கிறார்கள், விலங்கின் இரைப்பை நொதி சேர்ப்பதில்லை. ஐரோப்பாவில் இது அபூர்வம்.

காபி சாப்பாட்டோடு வராது, இனிப்பும் முடிந்தபிறகு தனியாக வரும். 'உங் கஃபே' என்றால் சின்னக் கோப்பையில் கெட்டி எஸ்பிரெஸ்ஸோ. பால் வேண்டுமானால் 'மேயா து லெய்த்', கண்ணாடி டம்ளரில் பால் தூக்கலாக வேண்டுமானால் 'கலாவ்ங்'. 'நாத்தா' எனும் முட்டை கஸ்டர்ட் பேஸ்ட்ரியை இலவங்கப்பட்டைத் தூள் தூவிச் சூடாகத் தின்ன வேண்டும். 1837 முதல் அதை விற்கும், லிஸ்பனின் பெலெங் பகுதிக் கடையில் வெளியே வரிசை நீண்டிருந்தாலும், உள்ளே உட்காரும் அறைகளில் பெரும்பாலும் சீக்கிரம் இடம் கிடைத்துவிடும். மற்றக் கடைகளில் கவுன்ட்டரில் நின்று குடித்தால் வெளிமேசையைவிட விலை குறைவு.

பில் கேட்கும்போது 'கொன்த்ரிபுயின்த்?' என்பார்கள். வரி எண்ணைக் கேட்கிறார்கள். வெளிநாட்டுக்காரர் 'நாவ்ங்' என்று சொன்னால் முடிந்தது. வரி எல்லாம் விலைக்குள்ளேயே சேர்ந்திருக்கும். டிப்ஸ் கட்டாயமில்லை, சில்லறையை விட்டுவருவார்கள். நன்றாக இருந்தால் 5 முதல் 10 சதவீதம் வைக்கலாம். சின்னக் கடைகளில் வெளிநாட்டு அட்டை செல்லாமல் போகலாம், 20 யூரோ நோட்டு ஒன்று பையில் இருக்கட்டும். தொடாத கூவேருக்குப் பணம் போட்டிருந்தால் 'லீவ்ரு து ரெக்லமசோய்ஷ்' எனும் புகார்ப் புத்தகத்தைக் கேளுங்கள். எல்லாக் கடையிலும் அது இருந்தாக வேண்டும். பெயரைச் சொன்னதுமே பெரும்பாலும் பில் திருத்தி வந்துவிடும்.